புதுப்பிப்பு: வேன் தீவை நடந்தே சுற்றியாச்சு

ஸ்வீடனின் வேன் தீவை ஒரே நாளில் நடந்து சுற்ற முடியுமா, இல்லை சைக்கிள்தான் எடுக்கணுமா என்று கேட்டிருந்தேன், பலர் சைக்கிள் என்றீர்கள். நடந்தேன், அதுதான் சரி. ஸ்வீடன் கரையிலுள்ள லாண்ட்ஸ்க்ரோனா ஊரிலிருந்து படகில் அரை மணி நேரம், பெக்வீக்கன் துறையில் இறங்கி, கடல் இடது கைப்பக்கம் இருக்கும்படி கிளம்பினால் முழுச் சுற்று சுமார் 11 கிலோமீட்டர்தான்.

தீவின் ஓரம் முழுக்க பனியுகம் விட்டுப்போன களிமண்ணும் மணலும், அதைக் கடல் அரித்துக்கொண்டே இருப்பதால் கரை செங்குத்தாக நிற்கிறது, பாதை சில இடத்தில் அந்த மேட்டின் மேல், சில இடத்தில் கீழே கூழாங்கற்களில். மழைக்குப் பிறகு விளிம்புப் பக்கம் போகாதீர்கள். மேற்கே ஷிர்க்பாக்கன் துறைக்கு மேல் உள்ள பழைய தேவாலயத்தில் கொஞ்சம் உட்காருங்கள், எதிரே டென்மார்க் தெரியும்.

அப்புறம் தீவின் நடுவுக்கும் கட்டாயம் போங்கள். வானியலாளர் டைக்கோ பிராஹே 1576இல் உரானிபோர்க் வானாய்வகத்தைக் கட்டத் தொடங்கிய இடம் அது, அப்போது தீவு டென்மார்க் மன்னர் கையில். மேலே காற்றில் கருவிகள் ஆடியதால் பக்கத்திலேயே நிலத்தடியில் இன்னொன்று கட்டினார். தொலைநோக்கியே இல்லாத காலம், கோள்கள் வானில் எங்கே இருக்கின்றன என்று வெறுங்கண்ணால் பார்த்து அவர் எடுத்த அளவுகளை வைத்துத்தான் பின்னாளில் வானியலாளர் கெப்ளர் கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுவதைக் கண்டுபிடித்தார், அந்த மண்ணில் நிற்கும்போது எனக்குப் புல்லரித்தது.

கடைசிப் படகு நேரத்தை மட்டும் முதலிலேயே பார்த்து வையுங்கள், பருவத்துக்குப் பருவம் மாறும்.