சுக்கினிக்குத் தமிழ்ச்சொல்: செடிப்பரங்கி என்று வைக்கலாமா?

குழு நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வீட்டுத்தோட்டக் கையேட்டுக்காக இரண்டு தமிழ்ச்சொல் கேட்டிருந்தீர்கள்: ஒன்று, பார்க்க வெள்ளரி போல இருக்கும் சுக்கினிக்கு (zucchini); இன்னொன்று, காய் ஒரே சமயத்தில் காய்த்துக் குவிவதற்கு. சுக்கினிக்கு இதுவரை வந்தவை மூன்று: சீமைச் சுரைக்காய், சீமை வெள்ளரி, அப்புறம் சுக்கினி என்றே விட்டுவிடலாம் என்பது. நான் கொடைக்கானலில் வீட்டுக்குப் பின்னால் ஆறு செடி வைத்து, சித்திரை முழுக்க அந்தக் காயோடு மல்லுக்கட்டியவள். நான்காவதாக ஒரு சொல்லை முன்வைக்கிறேன்: செடிப்பரங்கி.

தோட்டத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்தச் சொல் அங்கேதான் கிடைத்தது. தைப்பனி விட்ட கையோடு, மாசி முதல் வாரத்தில் விதை போட்டேன். ஐம்பது நாளில் காய்ப்பு தொடங்கிவிட்டது. பூ மலர்ந்து ஐந்தாறு நாளில் ஒரு சாண் நீளக் காய். நாங்கள் வீட்டில் மூன்று பேர். ஒரே வாரத்தில் 23 காய் பறித்தேன். பறிக்காமல் விடவும் முடியாது. ஒரு கல்யாணத்துக்காக நான்கு நாள் மதுரைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், காயெல்லாம் கை கொள்ளாத அளவுக்குப் பருத்து, தோல் தடித்து, உள்ளே விதை கட்டிக் கிடக்கிறது. ஒரு காய் முற்றினால் செடியின் சத்தெல்லாம் அதற்கே போய்விடும், புதுப் பிஞ்சு விடுவது குறையும். பறிக்கப் பறிக்கத்தான் காய்க்கும். பறித்ததையும் பரங்கிக்காய் போல மாதக்கணக்கில் மூலையில் போட்டு வைக்க முடியாது. நூற்றில் 95 பங்கு தண்ணீர், ஒரு வாரம் பத்து நாளில் தொய்ந்துவிடும். ஆகவே கொடுத்துத்தான் தீர வேண்டும்.

கொடுக்கப் போன இடத்தில்தான் பெயர் இடித்தது. கீழ்வீட்டு அக்கா கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது என்ன காயிம்மா? வெள்ளரியா?” என்றார். சுக்கினி என்றேன். “சுக்கா?” என்று கேட்டுச் சிரித்துவிட்டு, பச்சையாகத் தின்பதா வேக வைப்பதா என்று புரியாமல் வாசலிலேயே வைத்துவிட்டார். அடுத்த தெருவில் சீமைச் சுரைக்காய் என்று சொல்லிக் கொடுத்தேன். நன்றாகவே வாங்கிக்கொண்டார்கள். ஆனால் சுரைக்காய்க்குச் செய்வதுபோலத் தோலைச் சீவி, பருப்போடு சேர்த்தே குக்கரில் வைத்துவிட்டார்கள். இந்த உயரத்தில் பருப்பு வேக நேரமாகும், இந்தக் காய்க்கோ நாலைந்து நிமிடம் போதும். திறந்து பார்த்தால் காயைக் காணோம். மறுவாரம் வேண்டாமென்றே சொல்லிவிட்டார்கள். மூன்றாவது வீட்டில், “பரங்கிக்காய் ஜாதிதான், கொடி ஓடாது, செடியிலேயே காய்க்கும், பிஞ்சில் பறித்தது” என்றேன். அந்தப் பாட்டி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. தோலோடு நறுக்கி, கடுகும் மிளகாயும் தாளித்து, தண்ணீர் தெளிக்காமல் பொரியல் செய்து, எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார். அன்றிலிருந்து அவர் வீட்டில் அதற்குப் பெயர் செடிப்பரங்கி.

ஒரு காய்க்கு வைக்கும் பெயர் அதை என்ன செய்வது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. பெயர் சரியாக அமையாத காயை யாரும் அடுப்பில் ஏற்ற மாட்டார்கள், அது மிஞ்சித்தான் போகும்.

செடியியல்படியும் இதுவே பொருந்தும். சுக்கினி, குக்கர்பிட்டா பெப்போ என்ற இனம், அதாவது நம் பரங்கியின் பேரினத்தைச் (genus) சேர்ந்தது. சுரை அதே குடும்பம்தான், ஆனால் வேறு பேரினம். புத்தகம் பார்க்காமல் பூவை வைத்தே சொல்லலாம்: சுரைப்பூ வெள்ளை, அந்தியில் விரியும். பரங்கிப்பூவும் சுக்கினிப்பூவும் மஞ்சள், காலையில் விரியும். இந்தக் காய் இன்றைய உருவத்தை அடைந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வட இத்தாலியில். அவர்கள் மொழியில் சுக்கா என்றால் பரங்கிக்காய், சுக்கினி என்பது அதன் குறுமை வடிவம். பிரெஞ்சுக்காரர்களும் தங்கள் பரங்கிச் சொல்லைக் குறுக்கித்தான் கூர்ஜெட் என்றார்கள். பரங்கி என்ற நம் சொல்லோ (பரங்கியர் என்றால் ஐரோப்பியர்), காய் வெளியிலிருந்து வந்ததைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. ஆகவே அதன்மேல் இன்னொரு சீமையை ஏற்ற வேண்டியதில்லை. (பறங்கி என்று வல்லின றகரம் போட்டு எழுதுவோர் உண்டு. கையேட்டில் எது இருந்தாலும் எனக்குச் சம்மதம், ஆனால் ஒன்றே முழுக்க வரட்டும்.)

பரங்கிப் பிஞ்சு என்றே சொல்லலாமே என்று ஒருவர் கேட்பார். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் கொடிப்பரங்கியின் பிஞ்சைப் பறித்துக் கூட்டு வைப்பது நம் வீடுகளில் ஏற்கெனவே உள்ள வழக்கம், அந்தப் பெயர் அதற்கே இருக்கட்டும். வேறுபாட்டைக் காட்ட நம் விவசாயிகள் செடி என்ற சொல்லைத்தான் முன்னால் போடுகிறார்கள். கொடியவரை, செடியவரை. மரமுருங்கை, செடிமுருங்கை. இந்த மலையின் அடிவாரத்தில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி பி.கே.எம். 1 என்ற முருங்கையை வெளியிட்டபோது, செடிமுருங்கை என்ற பெயர் ஊர் ஊராக அதோடு போயிற்று. விதை வாங்கியவர்களுக்கு அந்தப் பெயரை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதே வழியில் செடிப்பரங்கி. சுக்கினியில் சற்றே ஓடும் வகைகளும் உண்டுதான், ஆனால் நம் தோட்டங்களுக்கு வரும் விதை பெரும்பாலும் ஒரே இடத்தில் குத்தாக நின்று காய்ப்பது.

சுக்கினி என்றே விடலாம் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சந்தையில் பெட்டிமேல் அப்படித்தான் எழுதுவார்கள். பொருளடைவில் இரண்டும் இருக்கட்டும். சௌசௌ கீழ்ப்பழனி மலையில் பந்தல் பந்தலாகக் காய்த்துச் சொந்தப் பெயரோடுதான் வாழ்கிறது, நீலகிரியில் அதையே மேரக்காய் என்கிறார்கள். ஆனால் அவை ஊர்வாயில் தானாகப் பழகி வந்த பெயர்கள். சுக்கினிக்கு எங்கள் தெருவில் அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை.

அடுத்து, ஒரே சமயத்தில் காய்த்துக் குவிவதற்குக் கேட்ட சொல். மிகைவிளைச்சல் என்பது சந்தைக் கணக்கு. தேவைக்கு மேல் விளைந்தது, விலை விழும் என்ற பொருள் அதில் தொனிக்கிறது. வீட்டுத்தோட்டத்தில் நடப்பது வேறு. சில வாரம் வெள்ளம் போல வரும், பிறகு வடியும். காய்ப்பெருக்கு என்று சொல்லிப் பாருங்கள். ஆடிப்பெருக்கைத் தெரிந்த காதுக்கு உடனே புரியும். பெருக்கன்று கலந்த சாதம் கட்டிக்கொண்டு போய் ஆற்றங்கரையில் பகிர்ந்து உண்பது போல, இதையும் பகிர்ந்துதான் உண்ண வேண்டும்.

கையேட்டில் காய்ப்பெருக்குப் பகுதியை எழுதும்போது இவையும் சேரட்டும், இந்த ஆண்டு எனக்குக் கைகொடுத்தவை. துருவி, உப்புப் பிசிறிப் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்தால் பாதியாகச் சுருங்கும். அதை அடை மாவில் கலந்தால் ஒரு வேளைக்கு மூன்று காய் போய்விடும். பிழிந்த நீரைக் கொட்டாமல் அந்த மாவுக்கே ஊற்றலாம். முற்றியதைத் தோல் சீவி, குடல் எடுத்து, காசி அல்வா போலக் கிளறினேன், நன்றாகவே வந்தது. பிஞ்சு பிடிக்காத ஆண் பூக்களை பஜ்ஜி போடலாம். மகரந்தத்துக்கு நாலைந்து பூவை மட்டும் செடியில் விட்டுவையுங்கள். வத்தல் போட மட்டும் இந்த மலை ஒத்துழைக்காது. மூடுபனியில் இரண்டாம் நாளே பூசணம் பிடித்துவிட்டது. மோரில் ஊறவைத்த வில்லைகளை பஸ்ஸில் வத்தலக்குண்டுக்குத் தங்கையிடம் கொடுத்தனுப்பினேன், மூன்று நாள் வெயிலில் சலசலவென்று காய்ந்து திரும்பி வந்தது. ஒன்று மட்டும் தடித்த எழுத்தில் போடுங்கள்: கசக்கிற காயைத் துப்பிவிட வேண்டும். சேகரித்த விதையில் கலப்பு ஏற்பட்டால் சில காய் கடுங்கசப்பாகும், அது வயிற்றுக்கு நஞ்சு, வேக வைத்தாலும் போகாது.

ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் உள்ள நண்பர்கள் ஒரு உதவி செய்ய வேண்டும். அங்கே தோட்ட வேலைக்கு வரும் பெண்கள் தங்களுக்குள் இந்தக் காயை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். என் சொல்லைவிட அது நன்றாக இருந்தால் செடிப்பரங்கியை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அடுத்த மாசியில் விதையோடு பெயர்ச்சீட்டு கட்டிக் கொடுப்பதாக நாலு வீட்டுக்குச் சொல்லியிருக்கிறேன், அதற்குள் முடிவாகிவிட்டால் நல்லது.