ரோமன் எண்களில் கழித்தல் விதி: தெரிந்தவர்கள் விளக்க முடியுமா?

வணக்கம். ரோமன் எண்களைப் படிப்பதில் சிரமமில்லை, எழுதும்போதுதான் தடுமாறுகிறேன். ஐ 1, வி 5, எக்ஸ் 10, எல் 50, சி 100, டி 500, எம் 1000 என்பதெல்லாம் மனப்பாடம். சிறியது பெரியதற்கு முன்னால் வந்தால் கழிக்க வேண்டும் என்பதும் தெரியும். அப்படியானால் 99ஐ 'ஐ-சி' என்று இரண்டே எழுத்தில் முடித்துவிடலாமே? 'எக்ஸ்-சி-ஐ-எக்ஸ்' என்று ஏன் நீட்டி முழக்க வேண்டும்?

'ஐ' என்பதை வி, எக்ஸ் இரண்டிலிருந்து மட்டும், 'எக்ஸ்' என்பதை எல், சி இரண்டிலிருந்து மட்டும் கழிக்கலாம் என்று விதி சொல்கிறார்கள். காரணத்தை யாரும் சொல்வதில்லை. ஒன்று, பத்து, நூறு என ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியாக எழுதுவதுதான் அடிப்படையா? அதாவது முதலில் 90, பிறகு 9? இது சரியென்றால் 1999 எனக்குச் சுலபமாகிவிடும்: எம், சி-எம், எக்ஸ்-சி, ஐ-எக்ஸ்.

இன்னொன்று. பல கடிகாரங்களில் 4 என்பது 'ஐ-வி' ஆக இல்லாமல் நான்கு 'ஐ' ஆக இருக்கிறது. 9 மட்டும் ஒழுங்காக 'ஐ-எக்ஸ்'. இது என்ன நியாயம்?

கடைசியாக, 4000ஐ எழுத 'ஐ-வி'க்கு மேல் கோடு போட்டால் ஆயிரம் மடங்காகும் என்கிறார்கள். கணினியில் அந்தக் கோட்டைத் தட்டச்சு செய்ய வழி உண்டா?