கறிக்கோழிக்குக் கொலிஸ்டின்: பண்ணையை மட்டும் பிடிப்பது நியாயமா?

நுண்ணுயிர்மதுரை:
"கறியை நன்றாக வேகவைத்தால் கிருமி செத்துவிடும், அப்புறம் பண்ணையில் எந்த ஆன்டிபயாடிக் கொடுத்தால் என்ன?" என்று போன வாரம் இங்கே ஒருவர் கேட்டிருந்தார். சட்டியில் சாவது உண்மை. ஆனால் சட்டிக்குப் போகும் முன்பே, கறி வெட்டிய பலகையில் வெங்காயம், தக்காளி நறுக்குகிறோம். கழுவிய தண்ணீர் தொட்டியெங்கும் தெறிக்கிறது. கோழி எரு வயலுக்குப் போகிறது. அங்கெல்லாம் கிருமி உயிரோடுதான் இருக்கிறது.

கிருமியைவிட அதற்குள் இருக்கும் மரபணுதான் எனக்குக் கவலை. கொலிஸ்டின் என்பது மற்ற மருந்துகள் கேட்காதபோது மருத்துவமனையில் கடைசியாகக் கொடுக்கும் ஆன்டிபயாடிக். ஷாங்காய் பகுதிப் பன்றிப் பண்ணை ஒன்றின் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில், கொலிஸ்டினை எதிர்க்க வைக்கும் எம்சிஆர்-1 என்ற மரபணு இருப்பதாகச் சீன ஆய்வாளர்கள் 2015இல் அறிவித்தார்கள். அதுவரை தெரிந்த கொலிஸ்டின் எதிர்ப்பு, கிருமியின் சொந்த டிஎன்ஏவான குரோமோசோமில் வரும் மாற்றம். அந்தக் கிருமியின் வாரிசுகளுக்கு மட்டும் போகும். எம்சிஆர்-1 இருப்பது பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையத்தில். இரண்டு பாக்டீரியா ஒட்டிக்கொண்டால் வளையத்தின் நகல் அடுத்ததற்குப் போய்விடும், அது வேறு இனமாக இருந்தாலும். அந்த ஆய்வில் இந்த மரபணுவுள்ள ஈ.கோலை பச்சை இறைச்சி மாதிரிகளில் சுமார் 15%, மருத்துவமனை நோயாளிகளின் மாதிரிகளில் எம்சிஆர்-1 சுமார் 1%. எங்கிருந்து எங்கே பரவுகிறது என்று இதைப் பார்த்தாலே தெரியவில்லையா?

பல்லடம்கறிக்கோழி:
சார், நான் ஒப்பந்தப் பண்ணை வைத்திருக்கிறேன். குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது, மருந்தும் சூப்பர்வைசர் கொண்டுவருவதுதான். என்னுடையது கொட்டகையும் உழைப்பும் கரண்ட் பில்லும். இந்தியாவில் 2019 ஜூலையிலேயே கால்நடைக்குக் கொலிஸ்டின் தடை வந்துவிட்டது. இன்னும் எங்களையே கைகாட்டுகிறீர்கள். ஊரில் சளி பிடித்தால் சீட்டு இல்லாமலே அசித்ரோமைசின் கிடைக்கிறதே, அது கண்ணில் படவில்லையா? ஐதராபாத் பக்கம் பட்டான்சேருவில் மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவுநீர் வந்து சேரும் சுத்திகரிப்பு நிலையத்தில், ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இருந்ததாக 2007இல் ஆய்வே வந்தது. அது எந்தக் கோழி போட்ட எரு?

ஐசியுஇரவுப்பணி:
அண்ணன் சொல்வதில் பாதிக்கு நான் சாட்சி. எங்கள் வார்டில் கொலிஸ்டின் கேட்காத க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவைப் பார்க்கிறோம். நம் நாட்டு மருத்துவமனைகளில் அதற்குக் காரணம் பெரும்பாலும் எம்சிஆர் இல்லை; எம்ஜிஆர்பி என்ற மரபணு கெட்டுப்போவதால் வருவது. அது குரோமோசோமில் நடப்பது. நாங்கள் கொடுக்கும் மருந்தே அதைத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறது. கையைச் சரியாகக் கழுவாமல் அடுத்த கட்டிலுக்குப் போனால் கூடவே போகும். ஐசியு பிரச்சினை முழுவதையும் கறிக்கடையில் கொண்டுபோய்க் கட்டாதீர்கள்.

நுண்ணுயிர்மதுரை:
முழுவதையும் கட்டவில்லை. மருத்துவமனை தன் தவறைத் திருத்தட்டும், தொழிற்சாலையும் திருத்தட்டும். அதற்காகப் பண்ணை வழியைத் திறந்தே வைக்க வேண்டுமா? அடைத்தால் பலன் உண்டு என்பதற்குச் சீனாவே சான்று. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதை 2017இல் நிறுத்தினார்கள். பன்றிகளின் ஈ.கோலையில் 2015-16இல் 34% ஆக இருந்த எதிர்ப்பு 2017-18இல் சுமார் 5% ஆனது. மனிதர்களின் குடலிலும் எம்சிஆர்-1 குறைந்தது. மருந்தை நிறுத்தினால் சில ஆண்டுகளிலேயே இவ்வளவு இறங்குகிறது என்றால், இதை விட்டுவிட எனக்கு மனசு வராது.

பல்லடம்கறிக்கோழி:
ஒரு மருந்தை நிறுத்தினால் அடுத்த மருந்து வருகிறது சார். கொலிஸ்டினுக்குப் பதில் டாக்சிசைக்ளின், என்ரோஃப்ளாக்சசின். தாளில் தடை இருக்கிறது, தண்ணீர்த் தொட்டியில் வேறு பவுடர் கரைகிறது. இதை ஏன் யாரும் பேசுவதில்லை?

நுண்ணுயிர்மதுரை:
பேச வேண்டியதே இதைத்தான். ஒரே பிளாஸ்மிட்டில் நான்கைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் வரிசையாக இருக்கலாம். அப்படி இருந்தால், டாக்சிசைக்ளினைத் தாங்கி நிற்கும் கிருமி கொலிஸ்டின் மரபணுவையும் இலவசமாகச் சுமந்துகொண்டே வரும். தீவனத்தில் போடும் தாமிர உப்புகூட இப்படிச் சில எதிர்ப்பு மரபணுக்களை ஒட்டவைத்துக் காப்பாற்றும். கனடாவின் கியூபெக்கில் நடந்ததைப் பாருங்கள். குஞ்சுப் பொரிப்பகங்கள் 2005இல் முட்டைக்குள் செஃப்டியோஃபர் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போடுவதைத் தாமாகவே நிறுத்தின. கோழியிலும் மனிதரிலும் சால்மோனெல்லா ஹைடெல்பெர்க் என்ற குடல்நோய்க் கிருமியின் எதிர்ப்பு சரிந்தது. பின்னால் ஓரளவு திரும்பப் பயன்படுத்தியதும் எதிர்ப்பும் ஏறத் தொடங்கியது.

ஐசியுஇரவுப்பணி:
கியூபெக்கில் என்ன ஊசி போட்டார்கள் என்பது தெரிந்திருந்தது, அதனால் அளக்க முடிந்தது. இங்கே எந்தப் பண்ணையில் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கு எங்கே?

பல்லடம்கறிக்கோழி:
என்னிடம் கேட்டால் என்னாலேயே சொல்ல முடியாது. தீவன மூட்டையில் "பிரீ-ஸ்டார்ட்டர்" (குஞ்சுகளுக்கு முதலில் போடும் தீவனம்) என்றுதான் இருக்கும், உள்ளே கலந்த மருந்தின் பெயர் இருக்காது. சட்டம் போடுபவர்கள் முதலில் கம்பெனிகளை அதை மூட்டையிலேயே அச்சடிக்க வைக்கட்டும், கால்நடை மருத்துவர் கையெழுத்தோடு. பேட்ச் வாரியாகக் குறித்துவைக்க எனக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.