சியன்னாவுக்குள்ள கரடி: பழுப்பா இருந்தா கிரிஸ்லியா?

தென்காசிச்சாரல்:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு கேள்வி இருக்கு. அதுக்கு முன்னாடி நடந்ததைச் சொல்லிடறேன். "கரடி விடாதடா"ன்னு ஆபீஸ்ல ஏற்கெனவே நாலு பேர் சொல்லியாச்சு, நீங்க புதுசா சொல்ல வேண்டாம்.

போன வாரம் கலிஃபோர்னியா மலைப்பக்கம் இருக்கிற சவுத் லேக் டாஹோ போயிருந்தோம். நான், மனைவி, ரெண்டு பிள்ளைங்க, ஊர்ல இருந்து வந்திருக்கிற மாமனார், மாமியார். ஃப்ரீமாண்ட்ல கிளம்பினதே லேட். கேபின் போய்ச் சேர ராத்திரி பத்தரை ஆச்சு. பெட்டியை மட்டும் இறக்கிட்டு, சாப்பாட்டுப் பையை "காலைல பாத்துக்கலாம்"னு வண்டியிலேயே விட்டுட்டேன். அத்தை ஊர்ல இருந்து சுமந்துட்டு வந்த முறுக்கு ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய, ஒரு பெட்டி மைசூர்பாகு, மிச்சம் புளியோதரை, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் குழைச்ச டப்பா ஒண்ணு. வண்டியைப் பூட்டினேனான்னு கேட்டா சத்தியமா ஞாபகம் இல்ல. பூட்டலைன்னு இப்போ தெரியுது.

விடியக்காலை மூணு மணிக்கு ஹாரன். விட்டு விட்டு இல்ல, ஒரே இழுப்பா. ஜன்னல் வழியா பாத்தா எங்க மினிவேன், டொயோட்டா சியன்னா, தொட்டில் மாதிரி ஆடுது. டிரைவர் சீட்ல குண்டா யாரோ உக்காந்திருக்காங்க. மாமா கைத்தடியை எடுத்துக்கிட்டு "மாப்ள, திருடன்"னு கதவைத் திறக்கப் போயிட்டார். "தாத்தா, அதுக்கு காது இருக்கு"ன்னு சொன்னது என் எட்டு வயசுப் பொண்ணு. அவ சொல்லலன்னா என்ன ஆகியிருக்கும்னு யோசிக்கவே பிடிக்கல.

வண்டியை நிறுத்தின இடம் ஏத்தம். கரடி கதவைத் திறந்து உள்ளே போனதும் சரிவுல கதவு தானா சாத்திக்கிச்சு. வெளியே இருந்து திறக்கத் தெரிஞ்ச கரடிக்கு உள்ளே இருந்து திறக்கத் தெரியல. அவசர உதவிக்கு 911 கூப்பிட்டோம். ஷெரிஃப் ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் வந்தார். அவசரமே காட்டல. டார்ச் அடிச்சு உள்ளே பாத்தார், கயிறு எடுத்தார், பின்கதவு கைப்பிடியில கட்டினார், தன்னோட வண்டிக்குப் பின்னாடி போய் நின்னு ஒரு இழுப்பு. கரடி இறங்கி, ஹெட்லைட் வெளிச்சத்துல ஒரு நொடி நின்னு எங்களைப் பாத்துட்டு, பைன் மரங்களுக்குள்ள ஓடிப் போச்சு. பொண்ணு அந்த ஒரு நொடியை போன்ல எடுத்துட்டா.

வண்டி உள்ளே பாக்கச் சகிக்கல. ரூஃப் துணி கிழிஞ்சு தொங்குது, டிரைவர் பக்கக் கதவோட உள்பலகை மொத்தமா பேந்து வயர் வெளியே வந்துடுச்சு, ஸ்டியரிங்ல பல் தடம். பின்சீட்ல அது தன் கடமையையும் முடிச்சிட்டுப் போயிருக்கு.

இப்போ கேள்வி. அந்தக் கரடி நல்ல வெல்லப்பாகு நிறம். மாமா அது கிரிஸ்லிதான்னு, அதான் அந்தப் பெரிய பழுப்புக் கரடி, தென்காசி முழுக்க போன் போட்டுச் சொல்லியாச்சு. வந்த அதிகாரியோ பிளாக் பேர்னு எழுதிட்டுப் போறார். பழுப்பா இருக்கிறது எப்படி கருங்கரடி ஆகும்? ரெண்டாவது, இன்சூரன்ஸ்ல இது எதுல வரும்? நாத்தத்துக்கும் யாராவது வழி சொன்னா புண்ணியம்.

பதினொரு பனிக்காலம்:

தம்பி, நான் டாஹோ பக்கத்து ஊரான ட்ரக்கீயில் பதினோரு வருடமாக இருக்கிறேன். முதலில் மாமனாரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மெதுவாகச் சொல்லுங்கள்: கலிஃபோர்னியாவில் கிரிஸ்லி கிடையாது. மாநிலக் கொடியில்தான் இருக்கிறது. கடைசியாக ஒன்றைச் சுட்டது 1922இல். 1924க்கு அப்புறம் இங்கே அதைப் பார்த்ததாக நம்பத்தகுந்த பேச்சே இல்லை. எல்லாவற்றையும் தீர்த்துக் கட்டிவிட்டு 1953இல் அதையே மாநில விலங்காக அறிவித்தார்கள். செத்த பிறகு மாலை போடுவது எல்லா ஊரிலும் உண்டு போல. ஆகவே டாஹோவில் நீங்கள் பார்ப்பது எந்த நிறமாக இருந்தாலும் கருங்கரடிதான்.

அது பெயர், நிறம் இல்லை. வெள்ளைச்சாமி என்று பெயர் வைத்தவர் கறுப்பாக இருப்பதில்லையா? இந்தச் சியரா மலைப்பக்கம் பழுப்பு, இலவங்கப்பட்டை நிறம், வைக்கோல் நிறம் எல்லாம் சகஜம். என் வீட்டுக் குப்பைத்தொட்டிக்கு வாடிக்கையாக வந்த தாய் பழுப்பு. அதன் இரண்டு குட்டிகளில் ஒன்று பழுப்பு, ஒன்று கரிக்கட்டை. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா கடற்கரைப் பக்கம் கிட்டத்தட்ட வெள்ளையாகவே கருங்கரடி உண்டு.

யெல்லோஸ்டோனுக்கோ மொன்டானாவுக்கோ போனால்தான் இரண்டும் ஒரே காட்டில் இருக்கும், அங்கேதான் இந்தச் சந்தேகத்துக்கே வேலை. முதலில் தோளைப் பாருங்கள். கிரிஸ்லிக்கு முன்கால்களுக்கு மேலே நம்மூர் மாட்டுத் திமில் மாதிரி ஒரு மேடு இருக்கும். கொழுப்பு இல்லை, தசை. கிழங்கையும் வேரையும் தோண்டித் தோண்டி வாழ்கிற மிருகம் அது. கருங்கரடிக்குத் திமில் கிடையாது. நாலு காலில் நிற்கும்போது பின்பக்கம்தான் தூக்கலாகத் தெரியும். பக்கவாட்டில் முகத்தைப் பார்த்தால் கிரிஸ்லிக்கு நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவே குழிவு விழும், கருங்கரடிக்கு நேர்கோடு. காது கிரிஸ்லிக்குக் குட்டையாக உருண்டையாக இருக்கும், கருங்கரடிக்கு எடுப்பாக நிமிர்ந்து நிற்கும். உங்கள் பெண் இருட்டில் காதைத்தானே முதலில் பார்த்தாள்? நகமும் சொல்லும்: கிரிஸ்லிக்கு விரல் நீளத்துக்கு, அதிகம் வளையாமல், கருங்கரடிக்குக் குட்டையாக, கொக்கி மாதிரி. அதனால்தான் வளர்ந்த பிறகும் சரசரவென்று மரம் ஏறுகிறது. உருவத்தை மட்டும் நம்பாதீர்கள். இலையுதிர் காலத்தில் கொழுத்த கருங்கரடி ஆண், இளம் கிரிஸ்லியைவிடப் பெரிதாகவே இருக்கும்.

கார் விஷயம். குளிர்காலத் தூக்கத்துக்கு முந்தின இந்த மாதங்களில் ஒரு கரடி நாளைக்கு 20,000 கலோரி வரைகூட உள்ளே தள்ளும். அத்தையின் ஒரு டப்பா முறுக்கும் மைசூர்பாகும் அதற்கு எறும்பு தேடி அலைய வேண்டிய பல மணி நேர வேலையை மிச்சப்படுத்தியிருக்கிறது. திரும்பி வராமல் என்ன செய்யும்? யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 1998இல் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகளை உடைத்தன; பின்ஜன்னலின் மேல்விளிம்பில் நகத்தைக் கொடுத்துக் கதவுச் சட்டத்தையே கீழே மடித்துவிடும். பிறகுதான் இரும்புப் பெட்டிகள் வைத்து, சாப்பாட்டை ராத்திரி வண்டியில் வைக்கக் கூடாது என்பதை இறுக்கினார்கள்.

இன்னொன்று, உங்களைக் கிண்டல் செய்ய இல்லை: 2001 முதல் 2007 வரை அங்கே உடைபட்ட 908 வண்டிகளை ஆராய்ந்தபோது, நாலில் ஒன்றுக்கு மேல் மினிவேன். பார்க்கிங்கில் நிற்கிற வண்டிகளில் மினிவேன் அந்த அளவுக்கு இல்லவே இல்லை. குழந்தைகள் சிந்துகிற பிஸ்கட் தூள், குடும்பமாக வருகிறவர்கள் விட்டுவைக்கிற சாப்பாடு, பின்ஜன்னல் சுலபம் என்று பல காரணம் சொன்னார்கள். சில கரடிகள் மினிவேன் என்ற பண்டத்தையே படித்து வைத்திருக்கலாம் என்பதும் அதில் ஒன்று. எனக்கு அதுதான் பிடித்தது.

டாஹோவில் முக்கால்வாசி நேரம் உடைக்கவே வேண்டியதில்லை, பூட்டாத கைப்பிடிக்கு அடியில் பாதத்தைக் கொடுத்து இழுத்தால் போதும். பூட்டுங்கள். பற்பசை, சன்ஸ்கிரீன், சூயிங்கம், குழந்தை சீட்டுக்கு அடியில் உருண்ட திராட்சை, எதுவும் ராத்திரி உள்ளே இருக்க வேண்டாம்.

பாலிசி பாண்டி:

இது நம்ம சோறு, அதனால இன்சூரன்ஸ் கேள்விக்கு மட்டும் சொல்றேன். மிருகம் பண்ணின சேதம் காம்ப்ரிஹென்சிவ்ல (திருட்டு, தீ மாதிரி மோதல் இல்லாத சேதத்துக்கான பகுதி) வரும், கொலிஷன்ல (மோதலுக்கான பகுதி) வராது. அது எடுத்திருந்தா டிடக்டிபிள், அதாவது நீங்க கையிலேருந்து போட வேண்டிய தொகை, போக மிச்சம் கிடைக்கும். அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கான லயபிலிட்டி மட்டும்னா கையைப் பிசைய வேண்டியதுதான். எதையும் துடைக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துடுங்க. நகக் கீறலுக்குப் பக்கத்துல அளவு தெரிய ஒரு குவார்ட்டர் (கால் டாலர்) காசு வெச்சு எடுங்க. ஷெரிஃப் ரிப்போர்ட் நம்பரைக் கட்டாயம் வாங்குங்க. முடி இருந்தா ஜிப்லாக்ல போட்டு வைங்க.

இவ்வளவு எதுக்குன்னு கேப்பீங்க. 2024 ஜனவரியில தெற்கு கலிஃபோர்னியா லேக் ஆரோஹெட்ல ஒரு ரோல்ஸ் ராய்ஸுக்குள்ள கரடி புகுந்துச்சுன்னு வீடியோவோட கிளெய்ம் வந்துச்சு. அதே நாள், அதே இடம், ரெண்டு மெர்சிடிஸுக்கும் வேற கம்பெனிகள்ல கிளெய்ம். மொத்தம் 141,839 டாலர். மாநில வனவிலங்குத் துறை உயிரியலாளர் வீடியோவைப் பாத்துட்டு, இது கரடி வேஷம் போட்ட மனுஷன்னுட்டார். வீட்டைச் சோதனை போட்டா கரடி உடுப்பு இருக்கு, கூடவே வெந்த இறைச்சியைப் பிய்க்கிற நகம் மாதிரி இரும்புக் கரண்டி. நவம்பர்ல நாலு பேரைக் கைது பண்ணினாங்க. கரடியில எது எந்த வகைன்னு தெரிஞ்சு வெச்சிக்கிறதுல இதையும் ஒரு வகையாச் சேத்துக்குங்க.

அண்ணே, உங்க வண்டியில கரடி சாணம் போட்டிருக்குன்னு எழுதியிருக்கீங்க பாருங்க. அதைவிட உசத்தியான சாட்சி கிடையாது. அதையும் போட்டோ எடுங்க.

நாத்தத்துக்கு வழி: சீட்டு ஃபோம் வரைக்கும் இறங்கியிருந்தா எந்த ஷாம்பூவும் உதவாது, ஃபோமை மாத்தணும். அதையும் கிளெய்ம்ல எழுதுங்க.

குன்னூர்வாசி:

நம்ம ஊர்க் கரடியையும் கொஞ்சம் சேத்துக்கலாமுங்களா? தமிழ்ல சும்மா "கரடி"ன்னாலே எங்களுக்கு அது தேன்கரடிதானுங்க. உடம்பெல்லாம் சடைமுடி, நெஞ்சுல வெள்ளையா V எழுதின மாதிரி, நீள மூஞ்சி, தொளதொள உதடு. மேல்வரிசையில நடுவுல ரெண்டு பல் இருக்காது. அந்தச் சந்து வழியாத்தான் கரையானை உறிஞ்சும். புத்துகிட்ட அது உறிஞ்சுற சத்தம் ராத்திரியில தூரத்துக்கே கேக்கும். 1791ல ஒரு வெள்ளைக்காரர் அந்த நகத்தைப் பாத்துட்டு, இது கரடியே இல்ல, தென்னமெரிக்க சோம்பல் மிருகத்தோட சொந்தம்னு பேர் வெச்சுட்டாராம். உங்க மாமனார் அவ்வளவு மோசம் இல்லீங்க.

எங்க எஸ்டேட் லைன் வீட்டுப் பக்கம் அது கார் எதையும் தொட்டதில்ல. விளக்கெண்ணெய், வெல்லம், சத்துணவுக்கூடத்துப் பருப்பு, இதுக்குத்தான் வரும். மாரியம்மன் கோவில் கதவை ரெண்டு தடவை பேத்துட்டு அகல்ல இருந்த எண்ணெயை நக்கிட்டுப் போயிருக்கு. "சிவபூஜையில கரடி"ங்கிறது கரடிகைன்னு ஒரு வாத்தியத்தைச் சொல்றதுன்னு எங்க தமிழ் வாத்தியார் சொல்லிக் குடுத்தார். அவர் ஒரு ராத்திரி எங்க ஊர்ல தங்கியிருக்கணும்.

ஒண்ணே ஒண்ணு கவனம். அமெரிக்கக் கருங்கரடிகிட்ட கையைத் தூக்கிச் சத்தம் போட்டா பெரும்பாலும் விலகிப் போயிரும்னு சொல்வாங்க. அந்த வித்தையை ஊருக்கு வந்து இதுகிட்ட காட்டிராதீங்க. புலியோடயே காலங்காலமா மல்லுக்கட்டி வாழ்ந்த ஜாதி. திடீர்னு எதிர்ல பட்டா ஓடாது, மூஞ்சியைப் பாத்துத்தான் வரும். தேயிலை பறிக்கப் போறவங்க அதனாலதான் பேசிக்கிட்டே போவாங்க.

தென்காசிச்சாரல்:

எல்லாருக்கும் நன்றி. போட்டோவைப் பெருசு பண்ணிப் பாத்தோம். தோள்ல திமில் இல்ல, காது நட்டுக்கிட்டு நிக்குது, மூக்கு நேரா இருக்கு. கதவுப்பலகையில நகக் கீறல் காசை விடக் கொஞ்சம்தான் நீளம். மாமாகிட்ட ஒவ்வொண்ணா காட்டினேன். எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு, "அப்ப கிரிஸ்லி சாதியில சின்னது"ன்னுட்டார். நான் விட்டுட்டேன்.

காம்ப்ரிஹென்சிவ் இருந்துச்சு. வயரிங், சீட்டு, ரூஃப் எல்லாம் கணக்குப் போட்டு வண்டியை டோட்டல்னு, அதாவது ரிப்பேர் பண்றது கட்டுபடியாகாதுன்னு, சொல்லிட்டாங்க. சாணம் போட்டோவை அனுப்பினதுக்கு அப்புறம் இன்சூரன்ஸ் அம்மா கேள்வியே கேக்கல.

முறுக்கு டப்பாவைத் தூக்கிப் போடலாம்னு எடுத்தேன். மூடியில ரெண்டு பல் பதிஞ்ச குழி, ஒரு பக்கம் தோசைக்கல் மாதிரி நசுங்கியிருக்கு. அத்தை பிடுங்கிக் கழுவி பெட்டியில வெச்சுக்கிட்டாங்க. ஊர்ல யாரும் கரடி விடுறாங்கன்னு சொல்லக் கூடாதாம்.