என்எஃப்எஸ் 4.1: ஒயர்ஷார்க்கில் ரீட் எண்ணிக்கை எங்கே போச்சு?

கேள்வி (பாளையங்கோட்டை):
அண்ணாச்சி, லேப் சர்வரை என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியா ஃபைல் பகிருத முறை) 3-லேர்ந்து 4.1-க்கு மாத்தியாச்சு. முன்னால ஒயர்ஷார்க்ல (நெட்வொர்க் பாக்கெட்டைப் பிடிச்சுக் காட்டுத கருவி) புரொசீஜர் (கிளையண்ட் சர்வர்கிட்ட கேக்குத வேலை) 6-ஐ எண்ணினா ரீட் கணக்கு கிடைச்சிரும். இப்ப எல்லாம் 1-னே வருது. ஏன்?

பதில் (கங்கைகொண்டான்):
என்எஃப்எஸ் 4-ல புரொசீஜரே ரெண்டுதான்: 0 நல் (வெறும் சோதனைக்கு), 1 காம்பவுண்ட். வேலையெல்லாம் காம்பவுண்டுக்குள்ள ஆப்பரேஷனா அடுக்கி வரும். ஆப்கோடை (ஆப்பரேஷனோட நம்பர்) வச்சு ஃபில்டர் போடுங்க: ரீட் 25, ரைட் 38. 4.1-ல வழக்கமா சீக்வென்ஸ் (53, செஷன்ல வரிசை பாக்குதது) முன்னால நிக்கும், அடுத்து புட்எஃப்ஹெச் (22, எந்த ஃபைல்னு சொல்லுதது). காம்பவுண்டை எண்ணி ரீட்னு எழுதிராதீங்க.

பதில் (தென்காசி):
ஆர்பிசி (என்எஃப்எஸ் கேள்வி-பதிலைச் சுமக்குத முறை) ரிப்ளையில வெர்ஷன் நம்பரே கிடையாது வே. எக்ஸ்ஐடியை (கேள்விக்கும் பதிலுக்கும் பொதுவான நம்பர்) வச்சு கால் (கேள்வி) பாக்கெட்டோட சேத்துத்தான் ஒயர்ஷார்க் பிரிச்சுக் காட்டும். பாதியில கேப்சர் தொடங்கினா ரிப்ளை அனாதையா நிக்கும். மவுண்ட் பண்ணுததுக்கு (சர்வர் ஃபோல்டரை கிளையண்ட்ல இணைக்குததுக்கு) முன்னாலயே கேப்சரைத் தொடங்கிரும் வே.

பதில் (கங்கைகொண்டான்):
ஆமா. 4.0 கிளையண்ட் மிச்சமிருந்தா என்எஃப்எஸ் போர்ட் 2049-ஐ மட்டும் பிடிச்சாப் பத்தாது. கால்பேக் (சர்வர் கிளையண்டைக் கூப்பிடுதது) தனி கனெக்‌ஷன்ல வரும். 4.1-ல அந்தத் தொல்லை இல்லை.