மார்கழி மழையில் பர்வதமலை: பாதியில் திரும்பியவர்கள் சொல்லுங்கள்

பெரம்பூரிலிருந்து:

என் தம்பிக்கு அன்று பித்தான் போட முடியவில்லை. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. போளூர் வழியாகப் பர்வதமலை அடிவாரத்துத் தென்மாதிமங்கலம் போய்ச் சேர்ந்தபோது வெறும் தூறல்தான். சென்னைத் தூறலை வைத்து மலைத் தூறலை எடைபோட்டோம். அதுதான் முதல் தவறு. படிக்கட்டு முடியும்வரை வியர்வை கொட்டியது. வழியில் 'பாதி மண்டபம்' என்கிற இடத்தைத் தாண்டி மூங்கில் காட்டுக்குள் போனதும் மேகம் இறங்கிவிட்டது. பத்தடிக்கு முன்னால் போகிறவர்களின் குரல்தான் கேட்டது, ஆள் தெரியவில்லை.

பர்வதமலை 4560 அடி. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறு டிகிரி குறையும் என்று பள்ளியில் படித்தவள்தான் நான். ஆனால் அந்தக் கணக்கில் ஈரச் சட்டையும் காற்றும் வராது. இருவரும் பருத்திச் சட்டை அணிந்திருந்தோம். நனைந்த பருத்தி காயாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். நடக்கும்போது அது தெரியவில்லை. பாறையில் இரும்புக் கடப்பாறைகளை அறைந்து வைத்த கடப்பாறைப் படிகளுக்கு முன்னால், இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டு அரைமணி நேரம் நின்றோம். அப்போதுதான் தெரிந்தது.

"போதும் அக்கா, உட்காரலாம்" என்றான். நாக்கு குழறியது. குளிர் தாக்கியது என்று புரியாமல், களைப்பு என்று நினைத்து, "இன்னும் கொஞ்ச தூரம்தானடா" என்றேன். அப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

எங்களுக்குப் பின்னால் காவி வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். அவனிடம், "தம்பி, கழுத்துப் பித்தானைப் போடு" என்றார். அவன் முயன்றான். விரல்கள் மரக்கட்டை போல வழுக்கிக்கொண்டே இருந்தன. பெரியவர் என்னைப் பார்த்து, "பித்தானைப் பிடிக்காத கை கடப்பாறையை எப்படிப் பிடிக்கும் அம்மா?" என்றார்.

அந்தப் பாறையை ஏறியவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும். மொட்டைப் பாறை; கால் வைக்கவும் கை பற்றவும் இரும்புதான்; கீழே பள்ளம்.

பாறை மறைவுக்கு அழைத்துப்போய் ஈரச் சட்டையைக் கழற்றச் சொன்னார். பிளாஸ்டிக் பையில் முடிந்து வைத்திருந்த துண்டால் ஒற்றித் துடைத்து, தன் கம்பளியைப் போர்த்தினார். பிறகு வெல்லக்கட்டி ஒன்றைக் கொடுத்துச் சப்பவைத்தார். பேச்சு தெளிய முக்கால் மணி நேரம் ஆனது. கம்பளியைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார். "இறங்கும்வரை போர்த்தியிருக்கட்டும். உச்சிக் கோயில் மல்லிகார்ஜுனர் எங்கும் போய்விட மாட்டார்" என்று சொல்லிவிட்டு மேகத்துக்குள் ஏறிப் போனார்.

உச்சியைப் பார்க்காமல் திரும்பினோம். உங்களில் யாராவது இப்படித் திரும்பியிருக்கிறீர்களா?

வேளச்சேரியிலிருந்து:

திரும்பியிருக்கிறேன் அம்மா, ஆந்திராவில் உள்ள நாகலாபுரத்தில். அங்கே மலை உயரமில்லை, ஆனால் ஓடையைத் திரும்பத் திரும்பக் கடக்க வேண்டும். நாங்கள் நின்ற இடத்தில் மழையே இல்லை. கண்ணாடி போல ஓடிய தண்ணீர் திடீரென்று செம்மண் கலங்கலாக வந்தது. சருகும் சுள்ளியும் மிதந்தன. மேலே எங்கோ கொட்டியிருக்கிறது என்று வழிகாட்டி சொன்னதும் மேட்டில் ஏறி நின்றோம். சிறிது நேரத்தில், நாங்கள் காலை நனைத்துக்கொண்டு இட்லி சாப்பிட்ட பாறை முழுகிவிட்டது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அந்த ஓடைகளை நான் நம்புவதே இல்லை.

மேற்கு மாம்பலத்திலிருந்து:

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் நான். பர்வதமலையைத்தான் சங்க இலக்கியம் நவிரம் என்று குறிக்கிறது என்பது அறிஞர் பலர் கருத்து. நன்னன் என்ற அரசனைக் காணப் போகும் கூத்தர்களுக்குச் சங்க நூலான மலைபடுகடாம் சொல்லும் வழிக்குறிப்பில் உங்கள் வழுக்குப் பாறையும் உண்டு. வழுவழுப்பான நுண்பாசி காலைத் தளரச் செய்யும், மூங்கிலையும் நாணலையும் பற்றிக்கொண்டு கடந்து செல்லுங்கள் என்கிறது. வகுப்பில் பல ஆண்டுகள் நடத்திய வரிதான். அதை எழுதியவர் அந்த ஈரத்தில் நடந்திருக்க வேண்டும் என்று உங்கள் பதிவைப் படித்தபோதுதான் தோன்றியது. தம்பி நலமா?

பெரம்பூரிலிருந்து:

நலமாக இருக்கிறான் ஐயா. மாசியில் வெயில் நாளாகப் பார்த்து மறுபடி போய் உச்சி வரை ஏறினோம். இப்போது மலைக்குப் போனால் பருத்தி அணிவதில்லை. மாற்றுச் சட்டையும் துண்டும் பிளாஸ்டிக் பையில் தனியாக இருக்கும். நிற்கும் இடத்தில் எல்லாம் அவனைப் பித்தான் போடச் சொல்லிப் பார்க்கிறேன்.

அந்தக் கம்பளி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. பழுப்பு நிறம், ஒரு ஓரத்தில் சிவப்பு நூலால் தைத்த ஒட்டு. பெரியவரின் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. கடலாடி வழியாக ஏறி வந்ததாகச் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், அவரைத் தெரிந்தால், சொல்லுங்கள். துவைத்து வைத்திருக்கிறேன்.