இல்லாத கோப்புறையில் எவ்வளவு இடம் காலி?

பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு சிறிய அச்சகத்தில் பக்க அமைப்பு செய்கிறேன். தைப்பூச மலருக்கான வேலை. தண்ணீர்மலை ரதக் கட்டுரையை இரவு பதினொரு மணிக்குச் சேமிக்கப் போனால், 'வட்டில் இடமில்லை, மீதம் 0' என்று எடிட்டர் மென்பொருள் மறுத்துவிட்டது. நம்பிவிட்டேன். பழைய காவடிப் படங்கள் நாற்பதை அழித்தேன். மறுபடியும் அதே 0. அதன் பிறகுதான் வட்டின் காலியிடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை கொடுத்துப் பார்த்தேன்: 61 ஜிபி காலி! வயிறு எரிந்தது.

நான் கொடுத்த பாதை 'மலர்/தண்ணீர்மலை/ரதம்'. 'ரதம்' கோப்புறை இன்னும் இல்லை. சேமிக்கும்போது எடிட்டரே உருவாக்கிக்கொள்ளும். ஆனால் உருவாக்கும் முன்பே காலியிடத்தைக் கேட்டுவிடுகிறது. லினக்ஸ் இயங்குதளத்தில், நிரல்கள் காலியிடத்தைக் கேட்கும் அழைப்பு ஸ்டாட்விஎஃப்எஸ். பாதை இல்லையென்றால் அது -1 திருப்பி, பிழை எண் 2 என்கிறது. 'அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை' என்று பொருள். எடிட்டர் அதை 0 என்று எடுத்துக்கொண்டது. இடம் தெரியவில்லை என்பதும் இடம் இல்லை என்பதும் ஒன்றா?

திறந்த மூல நிரல் என்பதால் நானே திருத்தினேன். கோப்புறை இல்லையா, ஒரு படி மேலே போ. அதுவும் இல்லையா, இன்னும் மேலே. முதலில் அகப்படும் கோப்புறையிடம் கேள். புதுக் கோப்புறை அதே வட்டில்தான் உருவாகும் என்பதால் அந்த எண் பொருந்தும். பதிலே வராவிட்டாலும் சேமிப்பைத் தடுக்கக் கூடாது. உண்மையிலேயே வட்டு நிரம்பியிருந்தால், எழுதும்போது கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, பிழை எண் 28 தரும்; 'வட்டில் இடமில்லை' என்று பொருள்.

* * *

அண்ணா, மேலே ஏறுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் டியூஷன் நடத்துகிறேன். வினாத்தாள்கள் எல்லாம் பென் டிரைவில். ஒருநாள் எடிட்டர் திறந்திருக்கும்போதே மாணவன் ஒருவன் டிரைவைக் கழற்றிவிட்டான். அதன் கோப்புறையும் மறைந்தது. எடிட்டர் மேலே ஏறி, செருகிய டிரைவ்கள் தோன்றும் மீடியா கோப்புறையைப் பிடித்து, 180 ஜிபி காலி என்றது. என் டிரைவ் மொத்தமே 16 ஜிபி! காட்டியது கணினியின் உள்வட்டுக் கணக்கு. கோப்பைத் திறக்கும்போதே வட்டின் சாதன எண்ணை (ஒவ்வொரு வட்டுக்கும் கணினி தரும் அடையாள எண்) குறித்துவைத்து, மேலே கிடைத்த கோப்புறையின் எண்ணோடு ஒப்பிடுங்கள். வேறுபட்டால் அளவைக் காட்டாமல், டிரைவ் இல்லை என்று சொல்ல வேண்டும்.

* * *

நன்றி டீச்சர், இது எனக்குத் தோன்றவே இல்லை. இன்றிரவே சேர்க்கிறேன். அழித்த படங்களில் ஒன்பது மட்டும் எடுத்தவரின் கேமராவில் இருந்தன. மற்றவை போனவைதான்.